அப்பா, நீங்க சும்மா இருங்க!

போன மாதம் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய அப்பாவுக்கு 75 வயது நிறைவு. காலையில் ஹோமம், மத்தியானம் இலைச் சாப்பாடு, சாயங்காலம் பரிசளிப்பு. பேரன் ஒரு டேப்லெட் வாங்கி வந்திருந்தான். விழுங்குகிற டேப்லெட் இல்லை, விரலால் தடவுகிற டேப்லெட். அதற்குள் மூளைப் பயிற்சி விளையாட்டுகள் ஒரு பத்து. மருமகள் பங்குக்கு மூன்று சுடோகு புத்தகங்கள். மகள் கொண்டு வந்தது நிஜமாகவே விழுங்குகிற சமாசாரம். வல்லாரை மாத்திரை, பெரிய டப்பா.

"தாத்தா, தினமும் அரை மணி நேரம் இதை விளையாடுங்க. ஞாபக மறதி உங்க பக்கமே வராது" என்றான் பேரன். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

பெரியவர் ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவர். அதற்குப் பிறகு பதினைந்து வருடமாக அந்த வீட்டின் நிதி மந்திரி அவர்தான். ஈ.பி. பில், பால் கணக்கு, ரேஷன், சொத்து வரி, பாஸ்புக்கில் என்ட்ரி போட பேங்குக்கு நடப்பது, எல்லாவற்றையும் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதுவது. இப்போது ஈ.பி. பில்லை மகன் செல்போனிலேயே கட்டிவிடுகிறார். பாலும் காய்கறியும் ஆப்பில் வருகின்றன. குடியிருப்போர் சங்கத்தில் பொருளாளராக இருந்தார். "எதுக்குப்பா இந்த வயசுல அந்தத் தலைவலி? நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்று மகன் ராஜினாமா செய்ய வைத்துவிட்டார். நீல நோட்டு அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்விட்டது.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்டார்.

"சார், இந்த விளையாட்டுல நான் ஒரு தப்புப் பண்ணினா யாருக்கு என்ன நஷ்டம்? ஒண்ணும் கிடையாதே. அப்புறம் நான் எதுக்கு சார் கவனமா இருக்கணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆட்டோவில் வீடு திரும்புகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. இந்த வாரம் அதை உங்களிடம் தள்ளிவிடப் போகிறேன்.

நம் வீடுகளில் பெரியவர்களுக்கு நாம் செய்கிற மிகப் பெரிய கெடுதலுக்கு மிக அழகான ஒரு பெயர் இருக்கிறது. பாசம். "நீங்க சும்மா இருங்கப்பா", "அம்மா, நீ போய் ரெஸ்ட் எடு", "மாமா, உங்களுக்கு எதுக்கு சிரமம்?" இந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லாத வீடு உண்டா? சொல்லிச் சொல்லி ஒவ்வொரு வேலையாகக் கையிலிருந்து பிடுங்குகிறோம். முதலில் பேங்க், அப்புறம் மார்க்கெட், அப்புறம் அடுப்படி, கடைசியில் யோசனை கேட்பதையும் நிறுத்திவிடுகிறோம். மனிதர் சோபாவில் ஒரு மூட்டை மாதிரி ஆனதும் பயம் வருகிறது. ஐயையோ, அப்பாவுக்கு மறதி வந்துவிடுமே! உடனே கடைக்கு ஓடிப்போய் சுடோகு வாங்கி வருகிறோம்.

நிஜக் கணக்கைப் பிடுங்கிவிட்டு பொம்மைக் கணக்கைக் கொடுப்பது. இதுதான் நடக்கிறது.

சுடோகு மேல் எனக்குக் கோபம் இல்லை. குறுக்கெழுத்து நானும் போடுகிறவன்தான். பிடிக்கிறவர்கள் தாராளமாகப் போடட்டும். ஆனால் அதை மருந்து என்று சொல்லி விற்கும்போதுதான் இடிக்கிறது. அமெரிக்காவில் லுமோசிட்டி என்று ஒரு மூளைப் பயிற்சிக் கம்பெனி. வயதான காலத்தில் வரும் மறதியைத் தள்ளிப்போடும் என்கிற ரீதியில் விளம்பரம் செய்தது. ஆதாரம் எங்கே என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் பிடித்துக்கொண்டது. 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு கம்பெனி வழக்கை முடித்துக்கொண்டது. நம் ஊர் விளம்பரங்களை அந்த மாதிரி உலுக்கிக் கேட்க யாராவது கிளம்பினால் பாதி டி.வி. நிகழ்ச்சிகளுக்கு ஸ்பான்சர் இருக்க மாட்டார்கள்.

முறையான ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரைச் சேர்த்து, குழு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஞாபகப் பயிற்சி, இன்னொன்றுக்குத் தர்க்கப் பயிற்சி, மூன்றாவதற்கு வேகமாகக் கவனிக்கும் பயிற்சி என்று கொடுத்தார்கள். பத்து வருட முடிவு 2014-ல் வந்தது. தர்க்கமும் வேகமும் பயின்றவர்களுக்கு அந்தந்தத் திறமை ஓரளவு தங்கியிருந்தது. ஞாபகப் பயிற்சி பெற்றவர்கள்? ஞாபகத்தில் மற்றவர்களைவிட மேலாக இல்லை. எதைப் பழகுகிறோமோ அது வரும். சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும். அதனால் மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது ஞாபகத்துக்கு வந்துவிடும் என்று நம்புவது, தினமும் கேரம் ஆடினால் கிரிக்கெட் வரும் என்பது மாதிரி.

மாத்திரை விஷயமும் இதே கதிதான். மேல்நாட்டில் நம் வல்லாரைக்குச் சமமான புகழ் ஜிங்கோ என்கிற இலைக்கு. பெரும்பாலும் 75 வயது தாண்டிய 3,069 பேரை வைத்து ஆறு வருடம் போலச் சோதித்துப் பார்த்தார்கள். 2008-ல் முடிவு: டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை. வல்லாரைத் துவையல் அருமையான துவையல், சூடான சாதத்துக்கு அபாரமாக இருக்கும். துவையலாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

"அப்படியானால் மூளைக்கு வேலை கொடுப்பதால் பிரயோஜனமே இல்லை என்கிறீரா?" என்று நீங்கள் பேனாவை எடுப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். இருக்கிறது. ஆனால் எந்த மாதிரி வேலை என்பதுதான் கேள்வி.

அமெரிக்கக் கன்னியாஸ்திரீகளைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று பிரபலமானது. டேவிட் ஸ்னோடன் என்பவர் 1986-ல் ஆரம்பித்தார். 75 வயது தாண்டிய 678 கன்னியாஸ்திரீகள் வருடா வருடம் பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டதோடு, இறந்த பிறகு மூளையை எடுத்துக்கொள்ளவும் எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒரு சிஸ்டர் 101 வயது வரை இருந்தார். கடைசி வரை பரிசோதனைகளில் நல்ல மார்க். மூளையைத் திறந்து பார்த்தால் உள்ளே அல்ஸைமர் நோயின் அடையாளங்கள் நிறைய! நோய் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது, வீட்டுக்காரர் தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதை விஞ்ஞானிகள் மூளையின் 'சேமிப்பு' என்கிறார்கள். இந்த சிஸ்டர்கள் புதிர் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் இல்லை. பெரும்பாலோர் டீச்சர்கள். எண்பதைத் தாண்டியும் கூட்டமாக வாழ்ந்து, ஆளுக்கொரு பொறுப்பு வைத்திருந்தவர்கள்.

அவ்வளவு தூரம் போவானேன், ஹைதராபாத்துக்குப் போகலாம். அங்கே டாக்டர் சுவர்ணா அல்லாடியும் அவர் குழுவும் டிமென்ஷியா வந்த 648 பேரின் விவரங்களைப் பார்த்து 2013-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசுகிறவர்களைவிட இரண்டு, மூன்று மொழி புழங்குகிறவர்களுக்கு நோய் நாலரை வருடம் தள்ளி ஆரம்பித்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. இதை யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத ஒரு கிழவி. வீட்டில் தெலுங்கு, கடையில் தக்காணி உருது. இவளுக்கு யாரும் மூளைப் பயிற்சி கொடுக்கவில்லை. வாழ்கிற வாழ்க்கையே நாள் பூராவும் அவள் மூளையை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறது. காய்கறிக்காரனிடம் பேரம் பேச வேண்டும், தோற்றால் நாலு ரூபாய் நஷ்டம். பெரியவர் வாசலில் கேட்டாரே, அந்த நஷ்டம்!

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. 2003-ல் நியூயார்க்கில் 75 வயது தாண்டிய 469 பேரை வைத்து எழுதிய கட்டுரையில், வாசிப்பு, சீட்டு மாதிரியான விளையாட்டுகள், வாத்தியம் வாசிப்பது, நடனம் ஆகியவை உள்ளவர்களுக்கு டிமென்ஷியா குறைவாக வந்ததாகக் கண்டார்கள். உடனே உலகம் பூராவும் தாத்தா பாட்டிகளை ஆடச் சொன்னார்கள். ஆனால் ஆடியதால் நோய் வரவில்லையா, அல்லது நோய் உள்ளே ஆரம்பித்துவிட்டவர்கள் முதலில் ஆட்டத்தை விட்டுவிட்டார்களா? கோழியா முட்டையா என்கிற இந்தக் கேள்வி இந்த மாதிரி ஆராய்ச்சிகள் எல்லாவற்றின் மேலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. 'இதைச் செய், அது வராது' என்று யாராவது உங்களிடம் அடித்துச் சொன்னால் அவர் கையில் என்ன விற்பனைக்கு இருக்கிறது என்று பாருங்கள்.

ஏனென்றால் இந்தப் பேச்சுக்கு ஒரு கொடூரமான மறுபக்கம் இருக்கிறது. டிமென்ஷியா வந்த ஒருவர் வீட்டுக்கு விசாரிக்கப் போகிறவர்கள் வெளியே வந்து செருப்பு மாட்டும்போது என்ன பேசிக்கொள்கிறார்கள்? "மூளைக்கு வேலையே கொடுக்கலை. பேப்பர் கூடப் படிக்க மாட்டார். அதான்." நோயாளியையே குற்றவாளி ஆக்கியாயிற்று.

ஐரிஸ் மர்டாக் 26 நாவல்கள் எழுதிய ஆங்கில எழுத்தாளர், தத்துவ ஆசிரியை. அந்த மூளைக்கு என்ன வேலை குறைச்சல்? அல்ஸைமர் வந்து 1999-ல் இறந்தார். 1995-ல் வந்த அவருடைய கடைசி நாவலில் சொற்களின் வளம் குறைந்துவிட்டிருந்ததைப் பின்னால் எண்ணிக் காட்டினார்கள். நோய் என்று யாருக்கும் தெரியும் முன்பே வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போக ஆரம்பித்திருந்தன. நம் ஜார்ஜ் பெர்னாண்டஸ்? தொழிற்சங்கம், சிறை, ரயில்வே, ராணுவம் என்று ஓயாமல் ஓடிய மனிதர். பத்து மொழி பேசுவார் என்பார்கள். அவருக்கும் அல்ஸைமர். வருடக்கணக்கில் படுக்கையில் இருந்து 2019-ல் போய்ச் சேர்ந்தார். இவர்கள் எல்லாம் சுடோகு போடாததால் வந்ததா?

லான்செட் மருத்துவ இதழ் ஒரு நிபுணர் குழுவை வைத்து 2024-ல் ஒரு அறிக்கை போட்டது. நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் 14. அத்தனையும் உலகத்தில் சரிசெய்துவிட்டால் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவிகிதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறது. மீதி 55? வயது, மரபணு, இன்னும் புரியாதவை. யார் மேலும் பழி போட முடியாது.

அந்த 14 என்னென்ன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சிறு வயதில் படிப்பு இல்லாதது, காது கேளாமை, கெட்ட கொழுப்பு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, சிகரெட், குடி, உடல் பருமன், உடம்பை அசைக்காதது, தலையில் அடி, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு, கண் பார்வை. சுடோகு இல்லை, பாருங்கள்! அஞ்சாம் கிளாஸோடு நிறுத்தப்பட்ட பெண் குழந்தை அந்தப் பட்டியலில் முதலில் நிற்கிறாள். இந்தியாவில் 60 தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், கிட்டத்தட்ட 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு இருக்கிறார்கள் என்று 2023-ல் வந்த ஒரு பெரிய கணக்கெடுப்பு சொன்னது. அதில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம், படிக்காதவர்கள் அதிகம், கிராமத்தார் அதிகம். அறுபது வருடத்துக்கு முன்னால் அவளுக்குப் பள்ளிக்கூடம் தராத ஊர், இப்போது 'மூளையைச் சுறுசுறுப்பாக வைத்துக்கொள்ளுங்கள் பாட்டி' என்று உபதேசம் செய்கிறது. காற்று மாசுக்குப் பாட்டி என்ன செய்ய முடியும்? மூச்சு விடுவதை நிறுத்தலாம்.

அந்தப் பட்டியலில் ஒன்றில் மட்டும் கொஞ்சம் நின்று பேசப் போகிறேன். காது.

லான்செட் கணக்கில் காது கேளாமையின் பங்கு 7 சதவிகிதம். கெட்ட கொழுப்பும் அதுவும்தான் முதல் இடத்தில். கண் மங்கினால் கண்ணாடி போட்டுவிடுகிறோம். யாரும் வெட்கப்படுவதில்லை. காது மங்கினால்? ஜோக் அடிக்கிறோம். நம் சினிமாவில் பாதி காமெடி டமாரச் செவிடர்களை வைத்துத்தான். ஒரு விஷயத்தைப் பெரியவர் இரண்டாவது தடவை கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, விடுங்க" என்கிறோம். இந்த 'விடுங்க' இருக்கிறதே, ஒரு நாளைக்குப் பத்து தடவை கேட்டால் எப்பேர்ப்பட்டவரும் பேச்சை விட்டுவிடுவார். அப்புறம் நாம் சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்காது. எப்படி இருக்கும்? காதிலேயே விழவில்லையே! நாம் அதற்கு வைக்கிற பெயர் மறதி.

2023-ல் அமெரிக்காவில் 977 பேரை வைத்து ஒரு பரிசோதனை முடிந்தது. பாதிப் பேருக்குக் காது மெஷினும் அதைப் பழகப் பயிற்சியும். மூன்று வருடத்தில் மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகம் உள்ளவர்களாக இருந்த ஒரு பிரிவில் மட்டும், மூளைத் திறன் சரிகிற வேகம் 48 சதவிகிதம் குறைந்திருந்தது. காது மெஷினும் மந்திரக்கோல் கிடையாது. மருமகள் சொல்வது மாமியாருக்குக் கேட்கும். அது நல்லதா கெட்டதா என்பது வீட்டுக்கு வீடு வேறு.

சிரித்தது போதும். இது என் வீட்டுக் கதை.

என் அம்மா மாயவரத்தில் எங்கள் தெருவில் சீட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். இருபது பெண்கள், மாதாமாதம் குலுக்கல். நோட்டு கிடையாது. யார் எத்தனையாவது சீட்டு எடுத்தாள், யார் எத்தனை தவணை பாக்கி, யார் வீட்டில் இந்த மாதம் வளைகாப்பு அதனால் கேட்கக் கூடாது, எல்லாம் தலைக்குள். அப்பா போன பிறகு நான் அவளை மடிப்பாக்கம் ஃபிளாட்டுக்கு அழைத்து வந்தேன். பெருமையாகச் சொன்னேன், "இத்தனை வருஷம் உழைச்சது போதும்மா, இனிமே நீ ராணி மாதிரி இரு" என்று. அடுப்படியில் சமையல்கார அம்மா. சீட்டு மாயவரத்தோடு போயிற்று. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. பக்கத்து ஃபிளாட்காரர்கள் கதவைத் திறந்து நான் பார்த்ததே குறைவு.

ராணி டி.வி. பார்த்தாள். சத்தம் அதிகமாக வைத்தாள். நாங்கள் குறைத்தோம். மறுபடி கூட்டினாள். இந்தச் சண்டை நாலு வருடம் நடந்தது. காதைப் பரிசோதிக்கலாம் என்று எனக்குத் தோன்ற நாலு வருடம் ஆயிற்று, நான் ஊருக்கெல்லாம் எழுதுகிறவன்! மெஷின் வாங்கினேன். அது கீச்சென்று கத்தியது. போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுக்க யாரும் உட்காரவில்லை. டிராயருக்குள் போய்விட்டது. மெஷினுக்குக் காசு கொடுத்ததோடு என் கடமை முடிந்ததாக நானும் நினைத்துவிட்டேன்.

அப்புறம் நிஜமாகவே மறதி நோய் வந்தது. என்னை என் மாமா பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள்.

சீட்டை விடாமல் இருந்திருந்தால், காதை முதலிலேயே பார்த்திருந்தால் அம்மாவுக்கு வராமல் இருந்திருக்குமா? தெரியாது. எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. வந்திருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. நோய் வருவதற்கு முந்தின அந்த நாலு வருடமும் அவள் நல்ல புத்தியோடு இருந்தாள், அந்த நாலு வருடமும் அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அதற்கு நோயைக் காரணம் சொல்ல முடியாது.

இப்போது கடிதங்கள் வரும். "வயதான காலத்தில் அவர்களை வேலை வாங்கச் சொல்கிறீர்களே, மனசாட்சி இருக்கிறதா?" என்று. இருக்கிறது. தண்ணீர் கேன் தூக்கச் சொல்லவில்லை. பேரக் குழந்தைக்குச் சம்பளமில்லாத ஆயாவாக, மகளுக்குப் பிரசவம், மருமகளுக்கு ஆபீஸ் என்று ஊர் ஊராகப் பந்தாடப்படுகிற பாட்டிகள் ஏராளம். அவர்களுக்கு ரெஸ்ட் அவசியம். நான் சொல்கிற வேலை வேறு. அவர்களுடைய சொல் செல்லுபடியாகிற வேலை. வேடிக்கை என்னவென்றால், ஆயா வேலை வாங்குகிற அதே வீடுகளில்தான் குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இன்னொரு கடிதம்: "ஓ.டி.பி. சொல்லி ஏமாந்துவிடுவார்கள், கேஸை மூட மறந்துவிடுவார்கள்." நியாயமான பயம்தான். ஓ.டி.பி.யில் படித்த ஐ.டி. இளைஞர்களும்தான் ஏமாறுகிறார்கள். அதற்காக அவர்கள் கையிலிருந்து போனைப் பிடுங்குகிறோமா? பக்கத்தில் உட்கார்ந்து கட்டச் சொல்லுங்கள். நூறு ரூபாய் தப்பாகப் போனால் போகட்டும், நியூராலஜிஸ்ட் ஃபீஸைவிடக் குறைவுதான். நீங்கள் வண்டிச் சாவியை எங்கே வைத்தீர்கள் என்று தினமும் காலையில் வீட்டைப் புரட்டுகிறீர்களே, உங்களை யாராவது ஓய்வெடுக்கச் சொன்னார்களா?

சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது எல்லோருக்கும் உள்ளது. சாவி எதற்கு என்பதே தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பது, முப்பது வருடம் நடந்த தெருவில் வழி தவறுவது, அரை மணிக்குள் ஒரே கேள்வியை ஏழு தடவை கேட்பது, இவை வேறு. அப்போது 'வயசானா அப்படித்தான்' என்று விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பி-12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சாப்பிடுகிற சில மாத்திரைகள் கூட இந்த மாதிரி காட்டும். அவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது. காதையும் பார்க்கச் சொல்லுங்கள். வசதி இல்லாத மூத்த குடிமக்களுக்குக் காது மெஷின், கண்ணாடி, பல்செட் எல்லாம் கொடுக்க 2017-ல் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்று மத்திய அரசு ஒரு திட்டமே ஆரம்பித்தது. பெயரை வாயில் நுழைகிற மாதிரி வைத்திருந்தால் நாலு பேர் கேட்டு வாங்கியிருப்பார்கள்.

அம்மாவின் கடைசி வருடத்தில் மாயவரத்திலிருந்து ஒரு பெண்மணி பார்க்க வந்தார். பழைய தெருக்காரர். அம்மாவுக்கு அவர் பெயர் தெரியவில்லை, யாரென்றும் தெரியவில்லை. ரொம்ப நேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திடீரென்று, "ஏழாவது சீட்டு எடுத்தியே, கட்டி முடிச்சிட்டியா?" என்றாள்.

"முடிச்சிட்டேன்க்கா" என்றார் அந்தப் பெண்மணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஏழாவதா என்று வாசலில் வைத்துக் கேட்டேன். "ஏழாவதுதான் தம்பி. பெரியவளுக்குத் தோடு வாங்கினேன்" என்றார்.

நண்பரிடம் போனில் பேசினேன். நீல நோட்டை இறக்கிக் கொடுக்கச் சொன்னேன். "என் அப்பாவை நான் நல்லாத்தான் பார்த்துக்கறேன்" என்று கோபித்துக்கொண்டார். இரண்டு வாரமாகப் பேச்சு இல்லை. உங்கள் வீட்டில் அந்த மாதிரி நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்றைக்கு ராத்திரி பாருங்கள். அடுத்த முகூர்த்தத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் இருக்கும். மொய் எவ்வளவு எழுதலாம் என்று அப்பாவிடம் கேளுங்கள். நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் எவ்வளவு எழுதினார்கள் என்பதிலிருந்து ஆரம்பிப்பார். கதை நீளும். கடைசியில் ஒரு தொகை சொல்வார், நீங்கள் நினைத்ததைவிட ஐந்நூறு கூடுதலாக இருக்கும். பேசாமல் அதையே எழுதிவிட்டு வாருங்கள்.